அரைப்பேர்

பச்சை விளக்கு எரிகிறது.
அதுதான் முதல் பொய்.

நோர்வூட்டில் பஸ் இறங்கி
உர மூட்டை லொறியில் தொற்றிக்கொண்டு
தோட்டத்து ஆபீசுக்கு வந்து சேர்கையில்
சப்பாத்துக்குள் தண்ணீர்.
பெரிய கிளாக்கர் அருமைநாயகம்
நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.
"நெட்டு வரும், தங்கச்சி. போகும்.
நம்ம மழைக்கு இருக்கிற அதே புத்தி."

கறுப்புத் திரையில் கொழும்பைக் கூப்பிட்டேன்,
நூறு தடவை.
அறுபத்தொன்பது தடவை ஏன் என்று கேட்டது.
மீதி முப்பத்தொன்றும்
எந்த வளைவில் விழுந்தனவோ.

கேபிளை மாற்றினேன்.
மறுமுனையில் துளையை மாற்றினேன்.
ட்ரைவரை அழித்துப் புதியதைப் போட்டு,
அதையும் அழித்து மறுபடி பழையதை.
மின்சாரம் மிச்சம் பிடிக்க
கார்டு இடையிடையே தூங்கலாம் என்று
ஒரு மூலையில் அனுமதி இருந்தது.
இந்தத் தோட்டத்தில் வேலை நேரத்தில் தூங்க
அனுமதி பெற்ற ஒரே ஜீவன்.
எடுத்துவிட்டேன்.

பெட்டியைத் திறந்தால் தேயிலைத் தூசு,
ஒரு பல்லி முட்டையின் ஓடு.
கார்டின் தங்கப் பற்களில் ஈரக் களிம்பு.
கிளாக்கரின் பென்சில் நுனி ரப்பரால்
ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தேன்.
கொழும்பு தொண்ணூற்றாறு தடவை பேசியது.
அவர் எனக்குத் தேத்தண்ணி சொன்னார்.

இரண்டு நாற்பதுக்கு மறுபடி விழுந்தது.

கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.
மூன்று பத்துக்குத் தானாக எழுந்தது.
நேற்றும் இதே நேரம். முந்தாநாளும்.
ஸ்டோரில் பெரிய காற்றாடி போடுகிற அரைமணி;
தலைக்கு மேல் பல்பு கொஞ்சம் மஞ்சளாகும்.
மனிதருக்குத் தெரியாத அந்த வாட்டம்
இந்தப் பழைய கார்டுக்குத் தாங்காது.

பையிலிருந்த புதியதைச் செருகினேன்.
காற்றாடியை மறுபடி போடச் சொன்னேன்.
நூறுக்கு நூறு.

"அப்பாடா," என்றார் அருமைநாயகம்.
"பழுது கார்டுலதான்னு எழுதிக் குடுங்க.
ரெண்டு மாசமா வாசல்ல நின்னு
என்னையக் கள்ளன்றாளுங்க."

வாசலில் இடுப்புப் படங்கோடு
நின்றிருந்தவள் பெயர் புஸ்பராணி.
"பதினெட்டு கிலோ. தராசு முள்ள
எங் கண்ணால பாத்தேன்.
அரைப்பேருன்னு வந்திருக்கு.
பாதிக் கொழுந்து வயருக்குள்ள
கரைஞ்சிருச்சாம்மா?"

இங்கே ஒரு நாள் கூலிக்குப் பெயரே பேர்.

இயந்திரம் தான் மயங்கிய நேரங்களைத்
தானே குறித்து வைத்திருக்கும்.
பதினோராம் தேதி, காற்றாடியின் அரைமணியில்
காணாமற்போனவை ஏழு பேர்.
சரி, அது கார்டு.
அரைப்பேர் ஆனவர்கள் பத்தொன்பது,
மாலை ஆறு இருபதுக்கு.
அப்போது கம்பியில் ஒரு துளி சிந்தவில்லை.

கார்டுக்கு முழுதாகத் தொலைக்கத் தெரியும்.
ஒன்று போய்ச் சேரும், இல்லை சேராது.
பாதியாக நறுக்க
அதற்குக் கை கிடையாது.

காலையில் கடை முதலாளி நிஸ்தார் சொன்னது:
மாசா மாசம் வேலை தர்ற தோட்டம், புள்ள.
பார்த்துப் பேசு.

வேலைத் தாளில் 'பழுதின் காரணம்'
ஒன்றரை வரி.
கிளாக்கர் பேனாவின் மூடியைக்
கழற்றியே நீட்டினார்.
ஜன்னலில் மூடுபனி ஏறி
எதிர்மலை லயத்து விளக்குகளை
ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தது.
அவள் இன்னும் படியில்தான் நிற்கிறாள்.

கார்டு: ஏழு பேர், என்று எழுதினேன்.
நேரத்தையும் எழுதினேன்.
கட்டம் நிரம்பிவிட்டது.

தாளைத் திருப்பினேன்.